மூன்று பிள்ளைகள், ஒரு நாய்: எந்தப் பெரிய வாகனம் பொருந்தும்? (திருகோணமலை)

உவர்மலைவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் மூன்று பிள்ளைகள். மூத்தவளுக்குப் பத்து வயது, இரண்டாமவனுக்கு ஆறு, கடைக்குட்டிக்குப் பதினான்கு மாதம். இவர்களோடு மணி என்றொரு லாப்ரடோர் நாயும் இருக்கிறது. நிறை 29 கிலோகிராம். இத்தனை பேரும் இன்றுவரை ஜப்பானில் செய்த வாகன்ஆர் ஒன்றில்தான் போய்வருகிறோம். அது 660 சிசி வகையைச் சேர்ந்த, நான்கு பேருக்கென்று செய்யப்பட்ட கார். கடைக்குட்டி பிறந்த நாளிலிருந்தே அது எங்களுக்குப் போதாமல் போய்விட்டது என்பதை ஒப்புக்கொள்ள எனக்கு ஓராண்டுக்கு மேல் பிடித்தது.

சென்ற மாதம் நடந்த ஒன்றுதான் இதை எழுத வைத்தது. தம்பலகாமம் தாண்டிக் கந்தளாய்ப் பக்கம் போய்க்கொண்டிருந்தபோது, வயல் கரையிலிருந்து எருமை மாடுகள் திடீரென்று வீதியில் ஏறின. நான் பிரேக் பிடித்தேன். பின் ஆசனத்தின் காலடியில் படுத்திருந்த மணி, இரண்டு முன் ஆசனங்களுக்கும் நடுவால் வந்து கியர் பெட்டியில் மோதியது. வரும் வழியில் அதன் தோள் மகனின் முழங்கையில் அடித்துவிட்டது. எலும்பு முறியவில்லை, ஆனால் ஒரு கிழமை வீங்கி இருந்தது. அப்போது வேகம் 40 ஐக்கூடத் தாண்டவில்லை. அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

மாதத்தில் ஒரு முறை ஹொரவப்பொத்தானை வழியாக வவுனியாவுக்கு, மனைவியின் பெற்றோரிடம் போகிறோம். 100 கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவான தூரம். ஆண்டுக்கு இரண்டு மூன்று தடவை கொழும்புப் பயணமும் உண்டு. மற்றைய நாட்களில் பள்ளிக்கூடம், சந்தை, மாலையில் உப்புவெளிக் கடற்கரை. கோட்டை வாசலால் போகும்போது அங்கே மேயும் புள்ளிமான்களைக் கண்டதும் மணி எழுந்து நிற்கும். அதைக் கட்டிப் பிடிப்பது பத்து வயதுப் பிள்ளையின் வேலையாக இருப்பது சரியில்லை என்பது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது.

பழைய காரை விற்று வரும் பணத்தோடு மிகுதியை லீசிங்கில் எடுக்கலாம். மனதில் இருப்பவை ஹொண்டா ஃபிரீட், டொயோட்டா நோவா, ஏழு ஆசனங்கள் கொண்ட பிரியஸ் அல்ஃபா, ஏழு ஆசன எக்ஸ்ட்ரெயில் ஆகியவை. நாயோடும் பிள்ளைகளோடும் இவற்றைப் பாவித்தவர்கள் இருந்தால் தயவுசெய்து அனுபவத்தைச் சொல்லுங்கள்.

---

கந்தளாய் ஆசிரியை எழுதியது:

தம்பி, மகனின் கை குணமானதை அறிந்து ஆறுதல். ஆனாலும் ஒன்றைக் கேட்க வேண்டும். நாய் உங்களோடு வருவது ஆண்டில் எத்தனை நாள்? அந்த நாட்களில் அயலவர் ஒருவரிடம் விட்டுவிட்டுப் போகலாம் என்றால், நீங்கள் வாங்க வேண்டிய வாகனத்தின் அளவே மாறிவிடும். லீசிங் கட்டுவது ஒவ்வொரு மாதமும்; நாய் பயணம் செய்வது எப்போதாவது. நாங்கள் ஃபிரீட் வைத்திருக்கிறோம். என்ஜின் 1,500 சிசிக்குள், நீளம் ஏறத்தாழ 4.27 மீற்றர், சந்தைத் தெருவில் திருப்புவது சுலபம். நான்கு பிள்ளைகளை ஏற்றியும் குறை காணவில்லை.

---

உவர்மலைவாசி எழுதியது:

அக்கா, நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. நானும் மனைவியும் நாட்காட்டியை விரித்து வைத்து எண்ணிப் பார்த்தோம். மணி எங்களோடு காரில் ஏறும் நாட்கள் மாதத்தில் ஆறு ஏழு வருகின்றன. வவுனியாவில் இரண்டு இரவுகள் தங்குவதால், அதை இங்கே தனியே விட்டால் சாப்பிடாமல் கிடக்கும்; ஒரு முறை விட்டுப் பார்த்து வருந்தினோம். எனவே நாய் வரும் என்பதை வைத்தே யோசிக்க வேண்டியிருக்கிறது. ஆனால் மாமியும் மாமாவும் எங்களோடு சேர்ந்து பயணிப்பது ஆண்டுக்கு இரண்டு தடவைதான். அந்த இரண்டு தடவையும் மணியை நீங்கள் சொன்னபடி அயல் வீட்டில் விடலாம். இந்தக் கணக்கு எனக்கு முன்பு தோன்றவில்லை, நன்றி.

---

நிலாவெளி வீதி எழுதியது:

ஐயா, நான் எட்டு ஆண்டுகளாக நாய்களோடு வாகனம் ஓட்டுகிறேன். இப்போது இரண்டு நாய்கள். எனவே கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதலில் வாகனத்தின் பெயரை மறந்துவிட்டு, அளவு நாடாவை எடுத்து நாயை அளவுங்கள். மூக்கு நுனியிலிருந்து வாலடி வரை எத்தனை சென்ரிமீற்றர், நிற்கும்போது தரையிலிருந்து தலை உச்சி வரை எத்தனை என்று இரண்டு அளவு போதும். நாய் தலையைக் குனியாமல் நிற்கவும், ஒரு சுற்றுச் சுற்றிப் படுக்கவும் இடம் வேண்டும். அதற்கு மேல் வேண்டியதில்லை. இடம் மிகப் பெரிதாக இருந்தால் வளைவுகளில் நாய் கால் ஊன்ற முடியாமல் வழுக்குகிறது. வாந்தி எடுக்கும் நாய்களில் பாதிக்கு இதுதான் காரணம் என்பது என் அனுபவம்.

அடுத்தது, ஏழு ஆசனம் என்ற சொல் பலரையும் ஏமாற்றும். மூன்றாம் வரிசையில் ஆள் இருந்தால் டிக்கியே இல்லை. மூன்றாம் வரிசையை மடித்தால்தான் நாய்க்கு இடம். ஆகவே நீங்கள் தேடுவது ஏழு பேருக்கான வாகனம் அன்று. மூன்று பிள்ளைகளும் நடு வரிசையிலேயே இருக்கக்கூடிய, பின்பகுதி முழுவதும் நாய்க்குக் கிடைக்கக்கூடிய வாகனம். இந்த ஒரு வசனத்தை எழுதிப் பையில் வைத்துக்கொண்டு பார்க்கப் போங்கள். விற்பவர் எத்தனை ஆசனம் என்று எண்ணிக் காட்டினாலும், நடு வரிசையின் அகலத்தை மட்டும் அளந்து பாருங்கள்.

கட்டாமல் விட்ட நாயைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்து மனம் பதறியது. கணக்கைச் சொல்கிறேன். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் வாகனம் மோதி நின்றால், கட்டாத நாய் அதே வேகத்தில் முன்னே பாய்கிறது. அது ஏறத்தாழ 10 மீற்றர் உயரத்திலிருந்து, அதாவது மூன்று மாடி உயரத்திலிருந்து விழும் வேகம். 29 கிலோகிராம் மூட்டை ஒன்று மூன்று மாடியிலிருந்து உங்கள் பிள்ளையின் முதுகில் விழுவதாக எண்ணிக்கொள்ளுங்கள். கழுத்துப் பட்டியில் கயிறு கட்டி ஆசனத்தில் முடிவதும் தீர்வாகாது, கழுத்து முறியும். நெஞ்சைச் சுற்றி அகலமாகப் பிடிக்கும் மார்புப் பட்டியும், ஆசனங்களுக்குப் பின்னால் இரும்புக் கண்ணித் தடுப்பும் இரண்டும் வேண்டும்.

---

மூதூர்க்காரன் எழுதியது:

நோவா, ஃபிரீட் எல்லாம் நகரத்துக்குச் சரி. எங்கள் பக்கம் மார்கழி மழைக்கு உள்வீதிகளில் தண்ணீர் ஏறினால் உயரமான வாகனமே கைகொடுக்கும். எக்ஸ்ட்ரெயிலின் அடித்தளம் தரையிலிருந்து 20 சென்ரிமீற்றருக்கும் கூடுதலான உயரத்தில் இருக்கிறது. நோவாவில் சுமார் 16 தான். ஆட்கள் ஏறினால் இன்னும் தாழும். என் அண்ணன் ஒருமுறை வானின் அடித்தட்டை உரசிக்கொண்டு வந்து சேர்ந்தார். ஜீப் வகையையே பாருங்கள்.

---

நிலாவெளி வீதி எழுதியது:

மூதூர் நண்பர் சொல்வது அவருடைய வீதிக்கு உண்மை, மறுக்கவில்லை. ஆனால் உயரம் நாய்க்கு எதிரி. என் மூத்த நாய்க்கு ஒன்பது வயதானபோது இடுப்பு மூட்டு தேயத் தொடங்கியது. லாப்ரடோர்களுக்கு அந்த நோய் வருவது சாதாரணம். அப்போது நாங்கள் வைத்திருந்தது உயரமான ஜீப். ஒவ்வொரு முறையும் 31 கிலோவைத் தூக்கி ஏற்றி இறக்கியதில் என் இடுப்புத்தான் முதலில் போனது. மணிக்கு இப்போது எத்தனை வயது என்று தெரியவில்லை. வாகனத்தைப் பத்தாண்டு வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால் அதன் முதுமையையும் சேர்த்தே வாங்குகிறீர்கள். அதோடு ஏழு ஆசன எக்ஸ்ட்ரெயிலில் நடு வரிசைக்குப் பின்னால் தரை உயர்ந்து, கூரை தாழ்ந்து வருகிறது. பெரிய நாய் நிமிர்ந்து உட்கார முடியுமா என்பதை ஏற்றிப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

---

கிண்ணியாத் தாய் எழுதியது:

சகோதரர் அவர்களுக்கு, நாய் பற்றி எனக்கு அனுபவம் இல்லை. பிள்ளைகளின் ஆசனங்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன். எங்கள் வீட்டுக்கு முதல் கார் வந்தது 2009 இல் கிண்ணியாப் பாலம் திறந்த பின்தான். அதுவரை பாதை எனப்படும் மிதவைப் படகில் ஏறி, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டே போய்வந்தோம். காரிலும் அந்தப் பழக்கமே பல காலம் தொடர்ந்தது. மடியில் இருக்கும் பிள்ளையை மோதலின்போது எந்தத் தாயாலும் பிடித்து வைத்திருக்க முடியாது என்பதை, நான் தாதியாக வேலை செய்யும் இடத்தில் கண்டுதான் கற்றுக்கொண்டேன்.

உங்கள் பதினான்கு மாதப் பிள்ளை இன்னும் பின்னோக்கிய ஆசனத்திலேயே இருக்க வேண்டும். பிள்ளை ஆசனங்களுக்கான ஆர்129 என்ற சர்வதேச விதி குறைந்தது பதினைந்து மாதம் வரை பின்னோக்கி என்கிறது. அதற்குப் பிறகும் ஆசனம் இடம் தரும் வரை அப்படியே வைத்திருப்பது நல்லது. அந்த ஆசனத்தை முன் பயணியின் இடத்தில், காற்றுப்பை இருக்கும்போது ஒருபோதும் பொருத்த வேண்டாம். காற்றுப்பை விரிந்தால் அது ஆசனத்தின் முதுகில், சரியாகக் குழந்தையின் தலைக்குப் பின்னால் அடிக்கும்.

ஜப்பானிலிருந்து 2012 இற்குப் பின் வந்த வாகனங்களில் பிள்ளை ஆசனத்தைப் பட்டியில்லாமல் நேரே மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் இருக்கும். ஆசனத்தின் முதுகும் இருக்கையும் சேரும் இடுக்கில் விரலை விட்டால் இரண்டு இரும்பு வளையங்கள் தட்டுப்படும். பெரும்பாலும் அவை நடு வரிசையின் இரு ஓரங்களில் மட்டுமே இருக்கின்றன. மூன்றாம் வரிசையில் நான் பார்த்ததில்லை. பிள்ளையும் ஆசனமும் சேர்ந்து 33 கிலோவைத் தாண்டினால் அந்தக் கொக்கியை மட்டும் நம்பக் கூடாது. ஆறு வயதுக்காரருக்கு முதுகுள்ள உயர்த்தி ஆசனம் வேண்டும். மூத்த மகளும் 150 சென்ரிமீற்றர் உயரம் வரும் வரை உயர்த்தி இருக்கையில் இருப்பதே நல்லது. இல்லாவிட்டால் ஆசனப் பட்டி கழுத்திலும் வயிற்றிலும் விழும். தோளெலும்பிலும் இடுப்பெலும்பிலும் விழுந்தால்தான் பட்டி காப்பாற்றும்.

ஆகவே நடு வரிசையில் மூன்று ஆசனங்களை அருகருகே வைத்து, ஒவ்வொன்றின் பட்டியையும் நீங்களே பூட்டிப் பாருங்கள். ஆசனங்கள் உள்ளே போய்விடும். ஆனால் பட்டி பூட்டும் வாய் அவற்றுக்கிடையே அமிழ்ந்து, கை விட முடியாமல் போகும். எங்களுக்கு அப்படித்தான் ஆனது. ஒவ்வொரு காலையும் பள்ளிக்கூட அவசரத்தில் அதைப் பூட்ட முடியாமல், கடைசியில் பூட்டாமலே போகத் தொடங்கினோம். அது தெரிந்ததும் அந்தக் காரையே மாற்றினோம்.

---

சீனக்குடா கராஜ் எழுதியது:

அண்ணா, பெற்றோலிலும் பற்றரியிலும் ஓடும் ஹைபிரிட் எடுக்கப் போகிறீர்கள் என்றால் நாய் மயிர் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இதை விற்பவர்கள் யாரும் சொல்வதில்லை. ஹைபிரிட் பற்றரியைக் குளிர வைக்க ஒரு சிறு விசிறி, வாகனத்துக்குள் இருக்கும் காற்றையே உறிஞ்சுகிறது. அதன் வாய் சில மொடல்களில் பின் ஆசனத்தின் ஓரத்தில், சிலவற்றில் ஆசனத்துக்குக் கீழே ஒரு சிறு சல்லடை மூடியாகத் தெரியும். சென்ற கிழமை அக்வா என்ற ஹைபிரிட் கார் ஒன்றில் அதைக் கழற்றினேன். விசிறியின் இதழ்களில் வெள்ளை நாய் மயிர் பஞ்சுத் திரி போலச் சுற்றி, மேலே கடற்கரை மணல் ஒட்டி, நெல்லிக்காயளவு உருண்டையாக இருந்தது. விசிறி சுற்றுகிறது, காற்றுப் போகவில்லை. பற்றரி சூடேறி எச்சரிக்கை விளக்கு வந்த பிறகுதான் கொண்டுவந்தார்கள். நாய் வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு சேர்விஸிலும் அந்த மூடியைக் கழற்றித் துடைக்கச் சொல்ல வேண்டும்.

ஏழு ஆசன பிரியஸ் அல்ஃபாவில் லித்தியம் பற்றரி இரண்டு முன் ஆசனங்களுக்கும் நடுவில், கைவைக்கும் பெட்டிக்குள் இருக்கிறது. ஐந்து ஆசனத்தில் டிக்கியின் அடியில். நோவா ஹைபிரிட்டில் முன் ஆசனங்களுக்குக் கீழே. நோவாவில் இன்னொன்றையும் கவனியுங்கள். 2014 இல் வந்த அந்த உருவத்தில் ஹைபிரிட் ஏழு ஆசனத்தில் மட்டும்தான் வந்தது. அதாவது நடு வரிசையில் தனித்தனியாக இரண்டு ஆசனம். மேலே நிலாவெளி அண்ணா சொன்னபடி மூன்று பிள்ளைகளையும் நடுவில் வைக்க வேண்டுமென்றால், நடுவில் நீள ஆசனம் உள்ள எட்டு ஆசன நோவாவைத்தான் தேட வேண்டும். அது 2,000 சிசி பெற்றோல். பெற்றோல் கூடுதலாகக் குடிக்கும். ஆனால் பற்றரிக் கவலை இல்லை.

வயதையும் யோசியுங்கள். 2020 மார்ச்சில் இறக்குமதியை நிறுத்தி, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திறந்தார்கள். அதனால் சந்தையில் நிற்கும் பழைய நோவாக்களில் பெரும்பாலானவை 2014 முதல் 2019 வரையானவை. புதிதாக இறக்கினால் என்ஜின் கொள்ளளவு உயர உயர உற்பத்தி வரியும் படிப்படியாக ஏறும். 18 வீத வற் வரி வேறு. பழையதை எடுப்பதென்றால் ஜப்பான் ஏலத் தாளை, அதாவது ஓக்ஷன் ஷீட்டை, சேசி இலக்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தரம் இருக்கும் கட்டத்தில் ஆங்கில எழுத்து ஆர் இருந்தால் விபத்தில் அடிபட்டுத் திருத்திய வாகனம் என்று பொருள்.

சறுக்குக் கதவு உள்ள வான் எடுத்தால், கீழே கதவு ஓடும் தண்டவாளத்தில் உப்புவெளி மணல் கட்டாயம் சேரும். அதில் கிரீஸ் பூசாதீர்கள். மணல் அதில் ஒட்டி அரைக்கும். பழைய பெயின்ற் பிரஷ் ஒன்றால் கிழமைக்கு ஒரு தரம் கூட்டிவிட்டால் போதும். நம் ஊர் உப்புக் காற்றுக்கு அடித்தட்டையும் நல்ல தண்ணீரால் அடிக்கடி கழுவுங்கள்.

---

உவர்மலைவாசி எழுதியது:

எல்லோருக்கும் மிகுந்த நன்றி. இரண்டு கிழமையாகப் பார்த்ததை எழுதுகிறேன்.

மணியின் அளவு: மூக்கிலிருந்து வாலடி வரை 96 சென்ரிமீற்றர், நிற்கும்போது உச்சந்தலை வரை 74. வயது நான்கு. மூன்று பிள்ளைகளின் ஆசனங்களையும் வாகன்ஆரில் ஏற்றிக்கொண்டு, அளவு நாடாவோடும் மணியோடும் போனோம். முதலில் போன விற்பனை நிலையத்தில் நாயை ஏற்ற அனுமதிக்க மாட்டோம் என்றார்கள். அவர்களுடைய நிலையும் விளங்கியது, திரும்பி வந்தோம். இன்னோர் ஊரில், படத்தில் மிக அழகாக இருந்த ஒரு ஹைபிரிட்டைப் பார்க்கப் போனால், அவர்கள் காட்டிய ஏலத் தாளில் இருந்த சேசி இலக்கத்தின் கடைசி மூன்று எண்களும் வாகனத்தில் இருந்தவையும் வேறு. கேட்டதும் அச்சுப் பிழை என்றார்கள். அதற்கு மேல் பேச எனக்கு மனமில்லை.

பிரியஸ் அல்ஃபாவில் பிள்ளைகள் நன்றாக இருந்தார்கள். ஆனால் பின்னால் மணி நிமிர்ந்து உட்கார்ந்ததும் தலை கூரையில் முட்டியது. எக்ஸ்ட்ரெயிலில் கூரை பரவாயில்லை, ஏறத்தான் மறுத்தது. இரண்டு முறை முன்காலை வைத்துவிட்டு இறங்கி என் முகத்தைப் பார்த்தது. நான்கு வயதிலேயே இப்படியென்றால் ஒன்பது வயதில் எப்படி என்ற நிலாவெளி நண்பரின் எழுத்து அப்போது நினைவுக்கு வந்தது.

ஆசிரியை அக்கா சொன்ன ஃபிரீட்டை, நடுவில் நீள ஆசனம் உள்ள ஏழு ஆசனத்தில் பார்த்தோம். மூன்றாம் வரிசையை இரு பக்கமும் தூக்கிக் கட்டியதும் மணி தானாகவே ஏறிப் படுத்துக்கொண்டது. மூன்று ஆசனங்களும் நெருக்கமாகத்தான் வந்தன. ஆனாலும் பட்டிகள் பூட்டின. விலையும் எங்கள் கைக்கு எட்டும். மனைவி அதற்கே சம்மதித்துவிட்டாள். பகல் ஒரு மணி வெயிலில் அதை ஓட்டிப் பார்த்தபோதுதான் குறை தெரிந்தது. நாங்கள் பார்த்த ஃபிரீட்டில் குளிர்காற்று முன்பலகையிலிருந்து மட்டுமே வருகிறது. முன்னால் நாங்கள் குளிர்ந்து போயிருக்க, கால்மணி நேரம் கழித்தும் பின்னால் மணி நாக்கைத் தொங்கப் போட்டு இரைத்துக்கொண்டிருந்தது. நம் ஊரில் கச்சான் காற்று வீசும் மாதங்களில் பகல் வெப்பம் எப்படி இருக்கும் என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. நாய்க்கு உடம்பு வியர்ப்பதில்லை; மூச்சிரைத்தே அது தன் சூட்டை ஆற்ற வேண்டும். முகத்துக்குக் குளிர்ந்த காற்று வராவிட்டால் அந்த இரைப்பால் பயனில்லை.

எட்டு ஆசன நோவா ஒன்று குருநாகல் பக்கத்தில் இருப்பதாக அறிந்து நேற்றுப் போனோம். 2016 ஆம் ஆண்டு மொடல். கூரையில் பின்வரிசைகளுக்கென்று தனியாகக் குளிர்காற்றுத் துவாரங்கள் இருக்கின்றன. படியின் உயரம் நான் அளந்தபடி 36 சென்ரிமீற்றர். மணி பக்கக் கதவாலும் ஏறியது. நடு ஆசனத்தில் கடைக்குட்டி ஓர் ஓரம், மகன் மறு ஓரம், மகள் நடுவில். கிண்ணியாச் சகோதரி சொன்ன அந்தப் பூட்டும் வாயை மூன்று முறை பூட்டித் திறந்து பார்த்தேன். கடைக்குட்டியின் ஆசனத்தை ஐசோஃபிக்ஸ் கொக்கியில் மாட்டியதால் அதற்குப் பட்டியே தேவைப்படவில்லை. அதனால் மகளுக்கு ஒரு கை விட இடம் கிடைத்தது. தூக்கிக் கட்டிய மூன்றாம் வரிசை இரு பக்கமும் இடத்தைத் தின்பதால் மணியால் குறுக்கே படுக்க முடியவில்லை, நீளவாக்கில் படுத்தது. அது போதும்.

ஆனால் பெற்றோல் செலவை நினைத்தால் தயக்கம் வருகிறது.

---

கந்தளாய் ஆசிரியை எழுதியது:

தம்பி, ஃபிரீட்டின் குளிர்காற்றுக் குறை உண்மைதான். எங்கள் சின்னவன் எப்போதும் பின்னால் வேர்க்கிறது என்று சொல்வான். நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. பெற்றோல் பற்றிக் கேட்டீர்கள். நீங்கள் மாதம் ஓடுவது ஆயிரம் கிலோமீற்றர் என்று வைத்தாலும், ஹைபிரிட்டுக்கும் இதற்கும் வரும் வித்தியாசம் மாதத்துக்கு முப்பது லீற்றரைச் சுற்றியே இருக்கும். அதை வீட்டுச் செலவில் எங்கே ஈடுகட்டலாம் என்று மனைவியோடு இருந்து பேசுங்கள். முடியுமென்றால் எடுங்கள். நான் முதலில் நாயை விட்டுவிட்டுப் போகச் சொன்னதை இப்போது சொல்லமாட்டேன்.

---

சீனக்குடா கராஜ் எழுதியது:

கண்ணித் தடுப்பை இங்கே ஒட்டு வேலை செய்பவர்களிடம் அடிக்கலாம், அண்ணா. ஆனால் பக்கத் தூண்களில் துளை போட விடாதீர்கள். அதற்குள் ஆசனப் பட்டிச் சுருளும், சில மொடல்களில் திரைக் காற்றுப்பையும் போகின்றன. தரையில் இருக்கும் சாமான் கட்டும் வளையங்களிலும் நடு ஆசனத்தின் கால்களிலும் பிடிக்கும்படி சட்டம் அடிக்கச் சொல்லுங்கள். கண்ணி மகளின் தலைக்குப் பின்னால் வருவதால் முனைகளை உள்ளே மடக்கி, றப்பர் குழாய் சுற்ற வேண்டும்.

---

உவர்மலைவாசி எழுதியது:

நோவாவை எடுத்துவிட்டோம். சேசி இலக்கம் ஏலத் தாளோடு பொருந்தியது, தரத்தில் ஆர் இல்லை. சீனக்குடாத் தம்பி தூக்கி வைத்து அடித்தட்டு முழுவதையும் பார்த்துத் தந்தார். கண்ணித் தடுப்பும் அவர் சொன்ன விதத்திலேயே அடித்தாயிற்று.

சென்ற சனிக்கிழமை வவுனியாவுக்கு முதற்பயணம் போனோம். புறப்பட நான்கு மணி நேரத்துக்கு முன்பே மணியின் சாப்பாட்டை நிறுத்தி, தண்ணீர் மட்டும் கொடுத்தோம். அடியில் பழைய றப்பர் விரிப்பும் அதன்மேல் சாக்கும் போட்டதால் வளைவுகளில் வழுக்கவில்லை, வாந்தியும் இல்லை. கன்னியா தாண்டும் முன்பே அது உறங்கிவிட்டது. ஹொரவப்பொத்தானையில் தேநீருக்கு நிறுத்தியபோது, ஐந்து நிமிடம்தானே என்று அதை உள்ளே விட்டுப் போக மகன் கேட்டான். வெளியே 32 பாகை என்றால் மூடிய வாகனத்துக்குள் பத்து நிமிடத்தில் இன்னுமொரு 10 பாகை ஏறிவிடும் என்று அவனுக்குச் சொன்னேன். கடை வாசலில் இருந்த வேப்பமரத்தின் கீழ் மணியைக் கட்டி, ஆளுக்கு ஆள் மாறி நின்றே தேநீர் குடித்தோம்.

மூதூர் நண்பருக்கு ஒன்று: நீங்கள் சொன்னது போல, மாமியார் வீட்டு ஒழுங்கையில் ஏறும் இடத்தில் ஒரு கல் அடியில் உரசியது. அடுத்த முறை அந்த இடத்தில் பிள்ளைகளை இறக்கிவிட்டு ஏற்றப் போகிறேன். மழைக்காலத்தில் உங்கள் பக்கம் வந்தால் வீதி நிலையை முதலில் உங்களிடம்தான் கேட்பேன்.

இன்னும் ஒன்று மீதமிருக்கிறது. மகள் நடு ஆசனத்தில் இருந்து கண்ணி வழியாகப் பின்னால் கையை நீட்டி மணியின் காதைப் பிடித்துக்கொண்டே வருகிறாள். அப்படித் திரும்பி இருக்கும்போது பட்டி தோளிலிருந்து நழுவிக் கைக்குக் கீழே போய்விடுகிறது. இரண்டு முறை நிறுத்திச் சரிசெய்தேன். பட்டியைத் தோளில் வழிநடத்தும் கொளுவி உள்ள உயர்த்தி இருக்கை இங்கே எங்கே கிடைக்கும் என்று கிண்ணியாச் சகோதரிக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்.

---

கிண்ணியாத் தாய் எழுதியது:

முதுகில்லாத இருக்கையிலும் தோள் கொளுவி தனி நாடாவாக வரும், சகோதரர். அது இருக்கையின் அடியிலிருந்து முதுகுப்புறமாக மேலே வந்து பட்டியைப் பிடிக்கும். எங்கள் மகளுடையது இனி அவளுக்குத் தேவையில்லை, உயரம் 152 ஆகிவிட்டது. அது விபத்தில் பட்டதில்லை, நாடாவும் பழுதில்லை. வெள்ளிக்கிழமை பின்னேரம் நாங்கள் நகரத்துக்கு வருகிறோம்; மகளையும் கூட்டி வாருங்கள், வாகனத்திலேயே வைத்து அளவு பார்த்துவிடலாம்.